ஆறாம் பெட்டிக்கு யாரும் கத்தவில்லை

இஞ்சியை நசுக்கிக்கொண்டே பேசுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள் அக்கா. உள்ளே நாலு பேருக்கு டீ போக வேண்டும். எச்.ஆர். மேடத்துக்குச் சர்க்கரை கூடாது. மேனேஜருக்கு ஸ்ட்ராங்காக இருக்க வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கிற கம்ப்யூட்டர்காரருக்குப் பால் ஆகாது, வெறும் தேயிலைத் தண்ணிதான். உங்கள் வீட்டுக்காரருக்கு எப்படி என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். அரை டம்ளர், இஞ்சி தூக்கலாக. இரண்டு வருஷமாக இந்தக் கையால்தான் போட்டுக் கொடுக்கிறேன்.

அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். ஒரு கால் ஆடும், சுவரோடு ஒட்டி வைத்தால் ஆடாது. முன்னால் சோபாவில் துணி ஆர்டர் கொடுக்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால்தான் செக்யூரிட்டி உங்களை இந்தப் பேன்ட்ரிக்குள் அனுப்பிவிட்டார்.

நீங்கள் பெனடிக்ட் சார் சம்சாரம் என்று எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்தச் சாப்பாட்டுப் பைதான். நீலக் கட்டம் போட்டது. கம்பெனிக் கணக்கெல்லாம் ஓடுகிற பெட்டிகளைச் சார் பார்த்துக்கொள்கிறாரே, அந்தச் சர்வர் ரூம் கதவுக்குப் பின்னால் தினமும் ஆணியில் தொங்கும். இன்றைக்கு உங்கள் கையில் இருக்கிறது. மாத்திரையும் அதில்தானே? நேற்று சாருக்குப் பிரஷர் ஏறி, நர்ஸம்மா வந்து பார்த்தார்களாம். அதுதான் கூடவே வந்துவிட்டீர்கள்.

என்னைப் பற்றிச் சார் வீட்டில் ஏதாவது சொன்னாரா அக்கா?

இல்லை, சும்மாதான் கேட்டேன்.

நான் யாரோடும் பேசுகிறவள் இல்லை. ஏழாவது வரைக்கும்தான் படித்தேன். டீச்சர் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தாலும் எழுந்து நிற்பேன், அவ்வளவுதான், வாய் வராது. இங்கேயும் அப்படித்தான். என் பெயர் ஜீவிதா. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு மேடம் என்னைக் கவிதா என்று கூப்பிட்டார்கள். இல்லைங்க மேடம் என்று சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது போய்ச் சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று சந்தேகப்படமாட்டார்களா?

நீங்கள் போனில் எதுவும் பதிவு செய்யவில்லையே? கையில் வைத்திருக்கிறீர்களே என்று கேட்டேன். சரி, சரி, பைக்குள் போட வேண்டாம், சார் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்.

உள்ளே என்ன நடக்கிறது என்று உங்களுக்கு முழுசாகத் தெரியுமோ தெரியாதோ. சார் யாருக்கும் தெரியாமல் கம்பெனி விஷயத்தை எடுத்து வெளியே கொடுத்தார் என்று விசாரிக்கிறார்கள். இன்றைக்குக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. அதைப் பற்றித்தான் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஆனால் மொட்டையாகச் சொன்னால் விளங்காது. பால் பொங்குவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் அந்த நிரஞ்சன் வந்த பிறகுதான் அக்கா. கோயம்புத்தூர்க்காரர். என்னைவிட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம், ஆனாலும் சார் என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் லேப்டாப் மூடியில் ஒரு பறவைப் படம் ஒட்டியிருக்கிறது. வயிறு பெருத்து, கால் குட்டையாக. பறக்காத பறவையாம். பறக்காத பறவையை ஒட்டிக்கொண்டு திரிகிறவரை எப்படி நம்புவது என்று அன்றைக்கே நினைத்தேன்.

முதல் நாள் மேனேஜர் ரூமில் டீ வைக்கும்போது அவர் பேசினார்.

“ஒன்பது சர்வர் ஓடுது சார். ஒண்ணொண்ணும் பத்துல ஒரு பங்கு வேலைதான் பாக்குது. ஆனா கரண்டு, ஏசி, ரிப்பேர் காண்ட்ராக்ட், வருஷா வருஷம் லைசன்ஸ், எல்லாம் ஒன்பதுக்கும் கட்டறீங்க. நான் ஒன்பதையும் ரெண்டு பெட்டிக்குள்ள அடக்கிடறேன். ஓபன் சோர்ஸ்ல பண்ணிடலாம். லைசன்ஸே கிடையாது.”

“சும்மாவா தர்றாங்க?” என்றார் மேனேஜர்.

“சும்மாதான் சார். உலகம் பூரா ஆளுங்க சேந்து எழுதி, யார் வேணா எடுத்துக்கங்கன்னு வெச்சிருக்காங்க. உள்ள என்ன இருக்குன்னு யார் வேணா திறந்து பாக்கலாம்.”

எனக்குச் சுருக்கென்றது. சும்மா யார் தருவார்கள்? எங்கள் லைன் வீட்டுக்கு ஒருத்தன் சும்மா குக்கர் தருகிறேன் என்று வந்தான். வீட்டுக்கு வீடு ஆதார் ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டான். குக்கர் வந்தது, மூடி வரவில்லை. மூடிக்குத் தனி விலை என்றான். இந்த ஆளும் மூடியை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சாரிடம்தான் கேட்டேன். சாரிடம் மட்டும் எனக்குக் கொஞ்சம் பேச்சு வரும். ஒன்பது எப்படி சார் இரண்டுக்குள் போகும் என்றேன்.

“ஒன்பது குடித்தனம், ஒன்பது தனி வீட்டுல ஆளுக்கொரு ஃபேன் போட்டுட்டு இருக்காங்கன்னு வெச்சுக்கம்மா. பெரிய வீடா ரெண்டு பிடிச்சு, உள்ள தடுப்பு வெச்சு எல்லாரையும் குடி வெக்கிறாங்க. குடித்தனம் தனித்தனிதான், மீட்டர்தான் குறைவு.”

“தண்ணி பிடிக்கச் சண்டை வராதுங்களா சார்?”

சார் சிரித்துவிட்டார். “வரும். அதுக்குத்தான் ரெண்டாவது வீடு. ஒண்ணு இடிஞ்சாலும் இன்னொண்ணுல போய் இருந்துக்கலாம்.”

“அப்போ அந்த ஒன்பது வீட்டுக்கும் காவல் இருந்தவரு?”

 சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகுதான் தெரிந்தது, மூன்று வருஷமாக முதலாளிக்கு இந்த யோசனையை எழுதி எழுதிக் கொடுத்தவரே சார்தானாம். தன் வேலைக்குத் தானே உலை வைக்கிற மனுஷர் இருப்பாரா? அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் அப்படித்தான், எல்லாரையும் ஒரு தடவை சந்தேகப்பட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை.

ஒவ்வொரு பெட்டியாக நிரஞ்சன் காலி செய்தார். ஐந்து வரை சுலபமாக முடிந்தது. ஆறாம் பெட்டியில் நின்றுவிட்டது. ஒரு திங்கட்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம். நான் கீழே உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருக்கிறேன். என் தலைக்கு மேலே இரண்டு பேரும் பேசுகிறார்கள்.

“இந்த ஆறு என்ன சார் பண்ணுது? எதுலயும் எழுதலியே.”

“எனக்கு முன்னாடி இருந்தவர் வெச்சது. எழுதி வெக்காம போயிட்டார். ஓடற வரைக்கும் ஓடட்டும்னு விட்டுட்டேன்.”

“அப்ப ஒயரைப் புடுங்கிடுவோம். யார் கத்தறாங்கன்னு பாப்போம். எதுக்குன்னு தெரிஞ்சா ஒரு மணி நேரத்துல புதுப் பெட்டிக்கு மாத்திடலாம்.”

“யாரும் கத்தலைன்னா?”

“ரெண்டு வாரம் பாப்போம். அப்பவும் கத்தலைன்னா செத்த பெட்டி. தூக்கிடலாம்.”

பிடுங்கிவிட்டார். நீல ஒயர் என் கை பக்கத்தில் வந்து விழுந்தது.

கம்ப்யூட்டர்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் செய்வார்களாம், சார் சொன்னார். ஆனால் எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏனென்றால் போன மாதம் என்னோடு கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த அக்காவை, ஒரு வாரம் லீவு எடுத்துக்கொள் என்று மேடம் அனுப்பினார்கள். அவர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கக்கூஸ் நாறவில்லை, ஏனென்றால் இரண்டு பேர் வேலையையும் நானே செய்தேன். ஒரு வாரம் கழித்து அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கும் ஒயரைத்தான் பிடுங்கிப் பார்த்திருக்கிறார்கள் அக்கா. நான் நாலு நாள் வராவிட்டால் யார் கத்துவார்கள்? கவிதா எங்கே என்றுகூடக் கேட்கமாட்டார்கள். கேட்டாலும் அது நானில்லை.

அடுத்த நாள், செவ்வாய்க்கிழமை. என் பாப்பா தன்ஷிகா, பதினோரு மாதம், கீழே குழந்தைகள் ரூமில்தான் விடுகிறேன். பத்தரைக்கு எட்டிப் பார்த்தால் வீல் வீல் என்று அழுகிறாள். அவள் மட்டும் இல்லை, ஏழெட்டுக் குழந்தைகள். ஆயா மாராத்தாள் அக்கா பிஸ்கட்டைத் தண்ணியில் நனைத்து ஊட்டிக்கொண்டிருக்கிறார்.

“பால் என்னாச்சுங்க்கா?”

“வரலை கண்ணு. கேண்டீன்காரன் சீட்டு வந்தாத்தான் ஊத்துவேங்கறான். சீட்டு வரலையாமா.”

“நீங்க ஆபீஸ்ல கேக்கலையா?”

“என்னத்தைக் கேக்கறது? செலவைக் குறைக்கறதுக்குன்னு ஒருத்தனைக் கூட்டியாந்திருக்காங்கல்ல. மொதல்ல பால்ல கை வெச்சுட்டாங்க. வாயைத் தொறந்தா அடுத்து என்னைய குறைச்சுப் போடுவாங்க. நீயும் கம்முனு இரு.”

அப்படித்தான் நினைத்தார்கள் அக்கா, எல்லாரும். தையல் லைனில் இருக்கிற அம்மாமார்கள், கட்டிங்கில் இருக்கிறவர்கள், ஒருத்தர் பாக்கி இல்லாமல். பாத்ரூமில் நின்று குசுகுசு என்று பேசினார்கள். “முதலாளி வீட்டு நாய்க்குக் குறைச்சிருப்பாங்களா?” என்றாள் ஒருத்தி. சிரித்தார்கள். அப்புறம் பெல் அடித்ததும் போய் மெஷினில் உட்கார்ந்துவிட்டார்கள். பதினேழு குழந்தைக்குப் பால் நின்றுபோனது, ஒருத்தர் கத்தவில்லை.

எனக்கு மட்டும் வேறு ஒரு சந்தேகம். கேண்டீனுக்குக் குப்பை எடுக்கப் போனபோது அந்த ஆளே சொன்னார், நேற்று மத்தியானத்திலிருந்து சீட்டு மெஷினில் சிவப்பு லைட் எரிகிறது என்று. நேற்று மத்தியானம். அப்போது என் கை பக்கத்தில் என்ன விழுந்தது?

குழந்தைகள் ரூம் வாசலில் விரல் வைக்கிற ஒரு சின்ன மெஷின் இருக்கிறது. காலையில் பிள்ளையை விடும்போது அம்மாமார் விரல் வைப்பார்கள். எத்தனை விரலோ அத்தனை டம்ளர் பால் என்று ஒன்பது மணிக்குக் கேண்டீனில் சீட்டு அடிக்கும். அந்தக் கணக்கு எந்தப் பெட்டிக்குள் போய் வருகிறது என்று யாருக்குத் தெரியும்? எழுதி வைக்காமல் போய்விட்டாரே அந்தப் புண்ணியவான்.

புதன்கிழமை எட்டரைக்குச் சார் வழக்கம்போலக் கதவைத் திறந்துவிட்டு டீ குடிக்க இறங்கினார். நான் துடைக்கிற மாதிரி குனிந்து, நீல ஒயரை எடுத்துச் சொருகினேன். கிளிக் என்றது. பச்சை லைட் சிமிட்டியது. ஒன்பது மணிக்குக் கேண்டீனில் போய் நின்றேன். சீட்டு வந்தது அக்கா. பதினேழு டம்ளர் என்று வந்தது. ஒன்பதேகாலுக்குக் குப்பைக்கூடை எடுக்கிற சாக்கில் போய்க் கழற்றிப் போட்டுவிட்டேன். நிரஞ்சன் பத்து மணிக்குத்தான் வருவார்.

ஏழு வேலை நாள் இப்படிச் செய்தேன். ஏழு நாளும் பால் வந்தது. மாராத்தாள் அக்கா, “மனசு எறங்கிட்டாங்க கண்ணு,” என்றார். நான் காலி டம்ளர்களைக் கழுவப் போனேன்.

ஏன் நேராகப் போய்ச் சொல்லவில்லை என்று கேட்கிறீர்களா? யாரிடம் சொல்வது? பெட்டியைத் தொட்டேன் என்றால் வேலை போகும். பாலைக் கேட்டேன் என்றால், ஓ, இதுவும் ஒரு செலவா என்று உண்மையிலேயே நிறுத்திவிட்டால்? அந்த ஆள் செலவைத் தேடித்தானே வந்திருக்கிறார். நாமே போய்க் காட்டிக் கொடுப்பதா?

அப்புறம்தான் மாட்டியது. நிரஞ்சன் லேப்டாப்பில் எல்லாம் பதிவாகும் போல. எனக்கு எங்கே தெரியும். மேனேஜர் ரூமில் திறந்து காட்டினார்.

“ஆறாம் பெட்டி தினமும் முக்கால் மணி நேரம் உயிரோட இருக்கு சார். எட்டரைலருந்து ஒன்பதேகால். நான் வர்றதுக்கு முன்னாடி யாரோ சொருகி, முடிச்சதும் கழட்டறாங்க. எதையோ எடுத்துட்டிருக்காங்க.”

சாவி யாரிடம் என்றார்கள். பெனடிக்ட் சாரிடம். வேலை போகப் போகிறவர், கோபத்தில் எதையாவது செய்வார் என்று மேடம் சொன்னார்கள். காமிரா படத்தைப் போட்டார்கள். நான் தட்டோடு அங்கேதான் நிற்கிறேன். வராந்தா தெரிகிறது. சார் கதவைத் திறக்கிறார். பின்னால் வாளி, மாப், என் முதுகு.

“இது யாரு?” என்றார் நிரஞ்சன்.

“ஹவுஸ்கீப்பிங்தான். தள்ளுங்க,” என்றார்கள் மேடம். “சார் மறுபடி எப்ப வர்றார்னு பாருங்க.”

தள்ளிவிட்டார்கள். ஏழு நாளும் நான் போகிறேன், வருகிறேன். ஏழு நாளையும் தள்ளிவிட்டார்கள். படத்தில் இருக்கிற நானும் தட்டோடு நிற்கிற நானும் ஒரே சேலைதான் கட்டியிருந்தேன். எனக்கு மூச்சு வந்தது அக்கா. நல்ல வேளை என்று நினைத்தேன். அது பாவமா?

அன்றிலிருந்து சர்வர் ரூமைப் பூட்டிவிட்டார்கள். இன்றைக்கு நாலாவது நாள். நாலு நாளாகப் பால் இல்லை. “மறுபடியும் குறைச்சுப் போட்டாங்க,” என்கிறார் மாராத்தாள் அக்கா. தன்ஷிகாவுக்கு என்னிடம் இருக்கிறது, மத்தியானம் ஓடிப்போய்க் கொடுத்துவிடுவேன். லைனில் இருக்கிற அம்மாமார் பெல் அடிக்காமல் எழுந்திருக்க முடியாதே.

இருங்கள், அடுப்பைக் குறைத்துக்கொள்கிறேன்.

இப்போது சொல்கிறேன், எனக்கு எதில் பெரிய சந்தேகம் என்று. சார்மேல்தான். மறைக்கவில்லை, உங்கள் முகத்தைப் பார்த்தே சொல்கிறேன். ஐந்தாவது நாளோ என்னவோ, கண்ணாடியை மறந்துவிட்டுச் சார் பாதியில் திரும்பி வந்தார். நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒயர் கையில். சார் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்துக்கொண்டு, “ஈரம் காயட்டும்மா, அப்புறம் வர்றேன்,” என்று போய்விட்டார்.

அவருக்குத் தெரியும் அக்கா. தெரிந்தும் உள்ளே மூன்று நாளாக வாயைத் திறக்கவில்லை. ஏன்? இதுதான் எனக்குப் பிடிபடவில்லை. கையில் பிடித்து வைத்துக்கொண்டு, கடைசி நேரத்தில், கையெழுத்துப் போடச் சொல்லும்போது, இதோ இந்தப் பெண்தான் என்று நீட்டப்போகிறார் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அதைத்தானே செய்வார்கள்? தலை போகிற நேரத்தில் ஹவுஸ்கீப்பிங்காரியை யார் காப்பாற்றுவார்கள்? அதுதான் உங்களைப் பார்த்ததும் முதலில் கேட்டேன், என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று. சொல்லியிருந்தால் முந்திக்கொள்ளலாம். சொல்லவில்லை என்றால்…

என்ன அக்கா? கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், அடுப்புச் சத்தத்தில் கேட்கவில்லை.

“கைக்குழந்தைக்காரி”யா? சார்தான் சொன்னாரா? “எதுக்குச் செஞ்சுதுன்னு தெரியலை, அந்தப் புள்ள காரணமில்லாம செய்யாது” என்றா? உங்களிடமா? நேற்றேவா?

அப்படியென்றால் உங்களுக்கு முன்னாலேயே தெரியும். நான்தான் அது என்று தெரிந்துதான் இந்த ஸ்டூலில் வந்து உட்கார்ந்தீர்கள். செக்யூரிட்டி அனுப்பவில்லை, நீங்களாகவே கேட்டு வந்தீர்கள், இல்லையா? தெரிந்துகொண்டே, ஒரு வார்த்தை பேசாமல், நான் இஞ்சி நசுக்குவதைப் பார்த்துக்கொண்டு. பதிவு எதுவும் இல்லை என்று தெரிகிற மாதிரி போனைக்கூட என் எதிரில் மேசைமேல் வைத்துவிட்டீர்கள்.

திட்டுவதென்றால் திட்டிவிடுங்கள் அக்கா. இப்படிப் பார்க்காதீர்கள்.

சாருக்குப் பால் விஷயம் தெரியாது. ஆமாம், எப்படித் தெரியும்? நான் சொல்லவே இல்லையே. ஒயரை நான் பிடித்திருந்தது மட்டும்தான் தெரியும். ஏன் என்று தெரிந்தால் நிரஞ்சனுக்கு ஒரு மணி நேர வேலை. அவரே சொன்னார், என் தலைக்கு மேலே நின்றுகொண்டு. ஒன்றும் தெரியாமலேயே மூன்று நாளாக அந்த மனுஷர் உள்ளே…

ஐயோ, பால் பொங்கிவிட்டது. துணியைக் கொடுங்கள். பரவாயில்லை, டீக்கு மிச்சம் இருக்கிறது.

கேட்டீர்களா? “கவிதா, டீ என்னாச்சு?” என்று. என்னைத்தான். வர்றேனுங்க மேடம்.

அக்கா, கை இரண்டும் தட்டில் இருக்கும், கதவைத் தோளால்தான் தள்ளுவேன். அது முழுசாகச் சாத்தாது. நீங்கள் இங்கிருந்தே கேட்கலாம். எனக்கு வாய் வரவில்லை என்றால் ஒரு தடவை இருமுங்கள், போதும். முதல் டம்ளரைச் சாருக்கு வைக்கிறேன்.  வைத்துவிட்டு நிமிர்ந்ததும், பெயரிலிருந்தே ஆரம்பித்துவிட்டால் மற்றது தானாக வந்துவிடும், இல்லையா? மேடம், என் பேரு கவிதா இல்லைங்க, ஜீவிதா, அந்த நீல ஒயரைத் தினமும்…